அம்மாவின் பீரோவும் விடியற்காலை விரல்களும்

செங்கோட்டைக்கு அருகில் ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மூட்டுகள் வீங்கி இறுகும் முடக்குவாதம் என்று கண்டுபிடித்து, தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறார். காலை 4.45 மணிக்கு எழுந்தால் விரல்கள் மடங்க ஏழு மணி ஆகிறது. பஸ்ஸோ 6.50க்கு. அம்மா சீதனமாகக் கொடுத்த இரும்பு பீரோவின் கைப்பிடியைத் திருப்பும்போதே மணிக்கட்டு வலிக்கிறது. உள்ளே அறுபதுக்கும் மேற்பட்ட புடவைகள். அடியிலிருந்து ஒன்றை உருவினால் மேலே இருப்பவை அனைத்தும் சரிகின்றன. பிளவுஸ் கொக்கிகளைப் பன்னிரண்டு வயது மகள்தான் மாட்டிவிடுகிறாள். அதனால் அவளும் பள்ளிக்குத் தாமதமாகிறாள். கணவர் ஒன்றரை லட்ச ரூபாய் கடன் வாங்கிச் சுவரோடு அலமாரி அமைத்துத் தருகிறேன் என்கிறார். மாமியார், "பாதிப் புடவையை யாருக்காவது கொடுத்துவிடு" என்கிறார். அவற்றில் பல, இறந்துபோன அம்மாவுடையவை. பள்ளியிலோ புடவை கட்டாயம்; வாரத்தில் இரண்டு நாள் சீருடைப் புடவை வேறு. கடன் வாங்கலாமா, விரல்களுக்குக் கட்டாயமாக வேலை கொடுத்தால் இறுக்கம் விடுமா, சுடிதாருக்கு அனுமதி கேட்கும் உரிமை உண்டா, மகளிடம் உதவி வாங்குவது தவறா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உடுத்துவது, உண்பது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளிகள் தாங்களே செய்துகொள்ள வழி தேடிக் கொடுப்பதுதான் என் தொழில். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். "பத்து மணிக்குக் கரும்பலகையில் ஒழுங்காக எழுதுகிறேன். அப்படியானால் காலையில் நடிக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வருகிறது." நீங்கள் நடிக்கவில்லை. உங்கள் நோயின் குணமே அதுதான். முடக்குவாதத்தில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரவின் பிற்பகுதியில் இரத்தத்தில் கூடுகின்றன. இரவெல்லாம் அசையாமல் இருக்கும் மூட்டுகளில் வீக்கமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் விடியற்காலையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ விரல்கள் மரக்கட்டை போலிருக்கும். நேரம் ஆக ஆக இளகும். ஆறு மணிக்குக் கொக்கி மாட்ட முடியாத அதே கை பத்து மணிக்குச் சாக்பீஸ் பிடிப்பதில் முரண் எதுவும் இல்லை.

இதிலிருந்துதான் என் ஆலோசனை முழுவதும் பிறக்கிறது. உங்களுக்கு ஒரு நாளில் இரண்டு கைகள் இருக்கின்றன. விடியற்காலைக் கை ஒன்று, சாயங்காலக் கை ஒன்று. தேடுவது, உருவுவது, மடிப்பு எடுப்பது, பின் குத்துவது எல்லாவற்றையும் இப்போது பலவீனமான கையிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றைச் சாயங்காலக் கைக்கு மாற்றிவிட்டால், காலையில் எடுத்து அணிவது மட்டும்தான் மிஞ்சும்.

கையை வதைக்காதீர்கள்

கட்டாயப்படுத்தி வேலை வாங்கினால் இறுக்கம் விட்டுவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. மெதுவாக அசைப்பது நல்லது. எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் கைகளைப் பத்து நிமிடம் வைத்து, விரல்களை விரித்து மூடிப் பழகுங்கள். ஆனால் விரல் நுனிகளால் இறுக்கிக் கிள்ளுவது, திருகுவது, கனமானதைத் தொங்கலாகத் தூக்குவது ஆகியவை வீங்கிய மூட்டையும் அதைச் சுற்றியுள்ள நார்களையும் மேலும் தளர்த்தும். நாளாவட்டத்தில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்வதற்கு இப்படிப்பட்ட அழுத்தங்களும் ஒரு காரணம். சிறிய மூட்டின் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுங்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் அடிப்படைப் பாடம். விரலால் செய்வதை உள்ளங்கையாலும், கையால் செய்வதை முழங்கையாலும் செய்யுங்கள். ஏதாவது ஒரு மூட்டு சிவந்து சுடுகிறது என்றால் அன்று பயிற்சியையும் விட்டுவிட்டு ஓய்வு கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருந்து சாப்பிட்டுவரும்போதும் இரண்டு மணி நேர இறுக்கம் நீடிக்கிறது என்றால், நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்று பொருள் இருக்கலாம். இதைப் பொறுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் மூட்டுவாத மருத்துவரிடம் சொல்லுங்கள். பீரோவை எவ்வளவு நன்றாக அடுக்கினாலும் அது மருந்துக்கு ஈடாகாது.

பீரோவை அடுக்கும் விதம்

முதலில் கைப்பிடி. உள் லாக்கரில் நகை இருப்பதால் வெளிக்கதவையும் பூட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். லாக்கரை மட்டும் பூட்டுங்கள். வெளிக்கதவைப் பகலும் இரவும் பூட்டாமல் சாத்தி வைத்தால் போதும். கைப்பிடியில் பழைய புடவைக் கிழிசலை அகலமாகப் பின்னி ஒரு வளையமாகக் கட்டிவிடுங்கள். அதற்குள் முன்கையை நுழைத்து உடம்பைப் பின்னால் சாய்த்தால் கதவு வந்துவிடும். விரல்களுக்கு அதில் வேலை இல்லை. லாக்கர் சாவியின் தலையில் நுரை ரப்பரைத் தடிமனாகச் சுற்றுங்கள். சாவி தடித்தால் கிள்ள வேண்டிய அழுத்தம் குறையும்.

அடுத்து, தட்டுகள். நம் வீடுகளில் பீரோ துணிகளின் மதிப்புப்படி அடுக்கப்பட்டிருக்கும். கல்யாணப் பட்டு கண்ணுக்கு நேராக, தினம் கட்டுவது காலடியில். அதைத் தலைகீழாக்குங்கள். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தட்டு தினசரி உடைக்கு மட்டும். கல்யாணப் பட்டு பெரும்பாலும் அரைக் கிலோவுக்கு மேல் எடை வரும். அதைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது உங்கள் மணிக்கட்டுக்கு ஆகாது. விசேஷத்துக்கு வேண்டும்போது கணவர் எடுத்துக் கொடுக்கட்டும்.

எவற்றைத் தினசரி உடை என்பது என்று குழம்ப வேண்டாம். ஒரு மாதத்துக்கு, துவைத்துக் காய்ந்து வருகிற துணிகளை மட்டும் அந்த நடுத்தட்டில் வையுங்கள். வேறு எதையும் அங்கே வைக்காதீர்கள். மாதக் கடைசியில் அங்கே இருப்பவைதான் நீங்கள் உண்மையில் உடுத்துபவை. என்னிடம் வந்த ஒரு வங்கி ஊழியர் இப்படிச் செய்துவிட்டு, "பதினொரு புடவைக்காகவா இத்தனை நாள் ஐம்பதைப் புரட்டினேன்" என்று கேட்டார்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை விட்டுவிடுங்கள். புத்தகம் போல நிற்க வைத்தால், ஒன்றை எடுக்கும்போது மற்றவை நகராது. உயரம் குறைந்த பிளாஸ்டிக் கூடை ஒன்று தட்டில் இருந்தால் அவை சாயாமல் நிற்கும். இதைவிட நல்ல வழி, செட்டாக வைப்பது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து நாளைக்கு ஐந்து செட் எடுத்து வையுங்கள். புடவை, அதற்கான பிளவுஸ், உள்பாவாடை, கைக்குட்டை எல்லாம் ஒரு துணிப்பையில். திங்கள் காலையில் ஒரு பையை எடுத்தால் வேலை முடிந்தது. "இந்தப் புடவைக்கு அந்த பிளவுஸ் எங்கே?" என்று தேடுவதிலேயே கால் மணி நேரம் போவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முந்தானை மடிப்பை முந்தின இரவே எடுத்து, பின் குத்தி, தடித்த மர ஹேங்கரில் தொங்கவிடுங்கள். மெல்லிய கம்பி ஹேங்கர் வேண்டாம். அதைப் பிடிக்க விரல் நுனிதான் வேண்டியிருக்கும். காலையில் நின்றுகொண்டே உடுத்தாமல் நாற்காலியில் உட்கார்ந்து தொடங்குங்கள். வலி அதிகமாக உள்ள கையை முதலில் சட்டைக்குள் நுழையுங்கள்; கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள்.

உங்கள் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் இறங்கிவிட்டால் நான்கு நாளானாலும் துணி காயாது. அரை ஈரத்தோடு இரும்பு பீரோவுக்குள் போன புடவை பூஞ்சணம் பூத்துத்தான் வெளியே வரும். சாரல் மாதங்களில் செட்டுகளை வெளியே, ஒரு கொடியிலோ திறந்த ஸ்டாண்டிலோ தொங்கவிடுங்கள். தடித்த பருத்தி காய்வதற்கும் நாளாகும், கைக்கும் கனம். அந்த இரண்டு மாதமும் மெல்லிய ஜார்ஜெட் போதும்.

அம்மாவின் புடவைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். தினசரித் தட்டிலிருந்து அவற்றை அப்புறப்படுத்த வேண்டும் என்பது வரை உங்கள் மாமியார் சொல்வது சரி. வீட்டைவிட்டே அப்புறப்படுத்த வேண்டும் என்று உங்கள் நோய் கேட்கவில்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மேல்தட்டிலோ டிரங்குப் பெட்டியிலோ வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அந்துருண்டை சரிகையின்மேல் படக் கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி மடிக்காவிட்டால் சரிகை மடிப்பிலேயே ஒடிந்துபோகும். இந்த வேலையை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். சாயங்காலம் ஐந்து புடவை, மறுநாள் ஐந்து. அம்மாவின் புடவையை மடிக்கும்போது கை நிற்கிறது என்றால் நிற்கட்டும், அவசரம் இல்லை.

தையற்கடையில் கேட்க வேண்டியவை

உங்கள் காலை நேரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது பிளவுஸ்தான் என்று நினைக்கிறேன். பின்பக்கக் கொக்கி வைத்த பிளவுஸ்களை முன்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். சின்னக் கொக்கி ஆறுக்குப் பதில், பேன்ட்டில் வைக்கும் பட்டைக் கொக்கி மூன்று போதும். அல்லது உள்ளே வெல்க்ரோ வைத்துவிட்டு மேலே பழைய கொக்கிகளை அழகுக்காக விட்டுவிடலாம்; பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கைத்துளையை அரை அங்குலம் தளர்த்தச் சொல்லுங்கள். உள்பாவாடையில் நாடாவுக்குப் பதில் அகல எலாஸ்டிக். நாடா முடிச்சை இறுக்குவதும் அவிழ்ப்பதும் விரல்களுக்குப் பெரும் பாடு.

சீருடைப் புடவை இரண்டையும், ஓணத்துக்குப் பள்ளியில் கட்டும் கசவுப் புடவையையும் மடிப்பு வைத்துத் தைத்து வாங்கிவிடுங்கள். இடுப்பில் சுற்றிக் கொக்கி மாட்டினால் போதும் என்று ஆக்கித் தரும் தையற்காரர்கள் இப்போது சிறிய ஊர்களிலும் இருக்கிறார்கள். கஞ்சி போட்ட கசவுப் புடவையில் காலை ஐந்தரை மணிக்கு மடிப்பு எடுப்பது நல்ல கைக்கே கடினம்.

சுடிதார் என்றால் எல்லாம் எளிதாகிவிடும் என்று நம்புகிறீர்கள். இதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் பேன்ட்டை மேலே இழுக்க விரல் நுனிகளின் முழு பலமும் வேண்டும். முதுகில் ஜிப் இருந்தால் தோளும் சேர்ந்து வலிக்கும். வாங்குவதாக இருந்தால் எலாஸ்டிக் இடுப்பு, தளர்ந்த கால், முன்பக்கம் திறக்கும் மேல்சட்டை என்று பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை அல்ல, ஒரு வேலை நாளில் காலை ஐந்தரை மணிக்கே போட்டுப் பாருங்கள். அந்த நேரத்துக் கைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒன்றரை லட்ச ரூபாய் அலமாரி

இப்போது வேண்டாம். உங்கள் கணவரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் சுவர் அலமாரிகள் பெரும்பாலும் இரண்டடி ஆழத்தில் செய்யப்படுகின்றன. மடித்த புடவைக்கு ஓரடி போதும். மீதி ஓரடியில் இரண்டாவது வரிசை வந்து, பின்னால் இருப்பதை எடுக்க மறுபடியும் கையை நீட்டித் துழாவ வேண்டியிருக்கும். பெரிய தள்ளுக்கதவுகள் கனமானவை. அழகான சிறிய குமிழ்களை விரல் நுனியால்தான் பிடிக்க முடியும். மலையோர வீடுகளில் ஈரம் ஊறும் சுவரோடு ஒட்டி அமைத்த பிளைவுட், சாரலில் உப்பிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

பழைய பீரோவை மாற்றி அடுக்கி, ஒரு சாரல் பருவத்தைக் கடந்து பாருங்கள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், கடன் இல்லாமல் சிறியதாகச் செய்யச் சொல்லுங்கள். ஓரடி ஆழத் தட்டுகள், நான்கு விரலும் நுழையும் அகலக் கைப்பிடி, தோள் உயரத்தைத் தாண்டாத தொங்குகம்பி, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் சிறிது இடைவெளி ஆகியவற்றை ஆசாரியிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

பள்ளி நிர்வாகத்திடம் பேசுவது

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லாமல் கேட்க முடியாது என்று நினைக்கிறீர்கள். கேட்கலாம். மருத்துவரின் கடிதத்தோடு, தைத்த புடவைக்கும் தேவைப்படும் நாள்களில் தளர்ந்த சல்வாருக்கும் அனுமதி கேட்டு எழுத்து மூலம் கொடுங்கள். தைத்த சீருடைப் புடவை பள்ளி விதியை மீறாது என்பதால் அதிலிருந்து பேச்சைத் தொடங்குவது நல்லது.

2021 நவம்பரில் கேரள உயர்கல்வித் துறை, ஆசிரியைகளைப் புடவை உடுத்தும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. 2019இல் தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு வகுத்த உடை விதியிலும் புடவையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவுடன் சுடிதாரும் இடம்பெற்றன. இவை உங்கள் தனியார் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தும் என்று எண்ணிவிடாதீர்கள். இரு மாநிலத்திலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எடுத்துக்காட்டப் பயன்படும், அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளின் பட்டியலில் முடக்குவாதம் தனிப் பெயராக இல்லை. கை கால் இயக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்தே மதிப்பிடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்று சான்று வேண்டும். உங்கள் இன்றைய நிலையில் அது கிடைக்காமலும் போகலாம். அதனால் சான்றிதழுக்காகக் காத்திருந்து காலத்தை வீணாக்காதீர்கள். பேச்சு முறிந்து, வேலைக்கே ஆபத்து என்ற நிலை வந்தால், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச ஆலோசனை கிடைக்கும். பள்ளி இருப்பது கொல்லம் மாவட்டம் என்பதால் அங்குள்ள ஆணைக்குழுவை அணுகுங்கள். நான் வழக்கறிஞர் அல்ல என்பதால் இதற்கு மேல் சொல்வது முறையாகாது.

நிர்வாகத்தின் குணத்தை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். அவர்கள் கடுமையானவர்கள் என்றால் கடிதம் கொடுப்பதற்கு முன் தலைமையாசிரியையிடம் தனியாகப் பேசுங்கள். விரல் இறுக்கத்தை வெளியில் யாருக்கும் காட்டாமல் இரண்டு ஆண்டுகளாக மறைத்துவைத்திருக்கிறீர்கள். அவருக்கு ஒருவேளை எதுவுமே தெரியாமல் இருக்கலாம்.

மகள்

அவளிடம் உதவி வாங்குவது தவறே அல்ல. ஆனால் காலை ஆறேகால் மணிக்கு, இருவருமே பதற்றத்தில் இருக்கும்போது, அவள் கை இல்லாமல் அம்மா வெளியே போக முடியாது என்ற நிலை அவளுக்குப் பாரம். கொக்கி முன்பக்கம் வந்துவிட்டால் அந்த வேலை அவளிடமிருந்து நீங்கிவிடும். ஞாயிறு சாயங்காலம் செட் எடுத்து வைக்கும்போது கூட்டிக்கொள்ளுங்கள். எந்தப் புடவைக்கு எந்த பிளவுஸ் என்று அவள் சொல்லட்டும்; பாட்டியின் புடவைகளில் ஒன்றிரண்டின் கதையை நீங்கள் சொல்லுங்கள்.

பீரோ கதவின் உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, தினமும் உங்கள் விரல்கள் முழுதாக மடங்கி முஷ்டி மூடுகிற நேரத்தைக் குறித்துவரச் சொல்லி அவளிடமே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது அந்தத் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.